சிறிய கணினிகளின் வரவும் செலவும்

கணினியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அது பெற்ற பேறுகளையே நிரல்படக் கூறுவர். வேகம் பெருகியது, விலை குறைந்தது, அறையளவு இருந்த பொறி கையளவு ஆயிற்று என்பர். இவை யாவும் உண்மையே. ஆயினும் வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாமல் விட்ட கணக்கு முழுக்கணக்கு ஆகாது. கணினி சிறிதாகும்பொழுதெல்லாம் அதிலிருந்து ஏதேனும் ஒன்று வெளியேறியே இருக்கிறது. வெளியேறியது எது? வெளியேற்றியவர் யார்? அந்த இழப்பைச் சுமந்தவர் யார்? இம்மூன்று வினாக்களையும் மனத்திற்கொண்டு, மடிக்கணினிகளின் வரலாற்றையும் மேசைமீது வைக்கும் சிறு கணினிகளின் வரலாற்றையும் இன்று காண்போம்.

முதலில் சிக்கல் இன்னதென்று தெளிதல் வேண்டும். கணினி வாங்குவோர் யாவரும் விரும்புவன சில உண்டு. எடை குறைய வேண்டும்; வேகம் மிக வேண்டும். திரை அகன்றிருக்க வேண்டும். பெட்டி சிறுத்திருக்க வேண்டும். மின்கலம் நாள் முழுதும் தாங்க வேண்டும். ஆனால் அது கனக்கக் கூடாது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பது நம் நாட்டுப் பழமொழி. இவ்விருப்பங்கள் ஒன்றோடொன்று முரணுவன. வேகம் மிகுந்தால் வெப்பம் மிகும். வெப்பத்தைப் போக்க விசிறி வேண்டும். விசிறி வந்தால் இடம் வேண்டும், இரைச்சலும் வரும். ஆதலின் கணினியை அமைப்போர் எதையும் முழுமையாகப் பெற இயலாது. ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுக்கவே வேண்டும். எதை விட்டுக்கொடுத்தனர் என்பதே ஒவ்வொரு கணினியின் வரலாறும் ஆகும்.

கையில் எடுத்துச் செல்லும் கணினி என்னும் எண்ணம் பொறிக்கு முன்னரே பிறந்துவிட்டது. 1972-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஆலன் கே என்னும் அறிஞர், சிறுவர்களுக்கான கணினி ஒன்றைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அதற்கு ‘டைனாபுக்’ என்று பெயரிட்டார். அது ஒரு குறிப்பேட்டின் அளவினதாக, 4 பவுண்டுக்குக் குறைந்த எடையினதாக, அதாவது 2 கிலோவுக்கும் குறைந்ததாக இருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. அந்நாளில் அத்தகைய பொறியைச் செய்வதற்குரிய திரையும் இல்லை, மின்கலமும் இல்லை. அவரால் அட்டையில் ஒரு மாதிரி உருவத்தைத்தான் செய்து காட்ட முடிந்தது. ஆனால் அவ்வட்டை மாதிரி பின்வந்தோர்க்கு ஓர் இலக்கை வகுத்துத் தந்தது.

அவ்விலக்கை நோக்கி வணிக உலகில் துணிந்து முதலடி வைத்தவர்களுள் ஒருவர் ஆடம் ஆஸ்பார்ன். இவருக்கும் தமிழ் நாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. இவருடைய தந்தையார் ஆர்தர் ஆஸ்பார்ன், இரமண மகரிஷியின் அடியவர். மகரிஷியின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியவர். 1939-இல் பாங்காக்கில் பிறந்த ஆடம், தம் இளமைப் பருவத்தைத் திருவண்ணாமலையில் கழித்தார். பின்னர் இங்கிலாந்து சென்று, அமெரிக்காவில் குடியேறி, கணினி நூல்களை எழுதியும் வெளியிட்டும் புகழ் பெற்றார். இறுதிக் காலத்தில் மீண்டும் தமிழ் மண்ணுக்கே வந்து, 2003-ஆம் ஆண்டில் கொடைக்கானலில் காலமானார். அண்ணாமலையின் அடிவாரத்தில் ஓடி விளையாடிய சிறுவன், உலகின் முதல் வெற்றிகரமான சுமந்து செல்லும் கணினியை விற்பான் என்று அந்நாளில் எவர் எண்ணியிருப்பர்!

1981 ஏப்ரலில் வெளிவந்த ‘ஆஸ்பார்ன் 1’ என்னும் அக்கணினியை வடிவமைத்தவர் லீ ஃபெல்சன்ஸ்டைன் என்னும் பொறியாளர். விமானத்தில் இருக்கையின் அடியில் வைக்கக்கூடிய அளவினதாக அது அமைய வேண்டும் என்பது திட்டம். நெகிழ்வட்டு இயக்கிகள் இரண்டுக்கும் இடம் ஒதுக்கிய பின்னர், நடுவில் எஞ்சிய இடத்தில் 5 அங்குலத் திரையே பொருந்தியது. ஒரு வரியில் 52 எழுத்துகளே தெரியும். அதனினும் நீண்ட வரியைப் படிக்க வேண்டுமாயின் காட்சியைப் பக்கவாட்டில் நகர்த்திக் கொள்ள வேண்டும். எடையோ ஏறத்தாழ 11 கிலோ. மின்கலமும் இல்லை, சுவரிலுள்ள மின் இணைப்பை நாடியே அது இயங்கும். மூடினால் தையல் இயந்திரப் பெட்டி போலத் தோன்றும்.

இத்தனை குறைகள் இருந்தும் மக்கள் அதனை விரும்பி வாங்கினர். காரணம், அதன் விலை 1,795 டாலர்; கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் தேவையான மென்பொருள்களும் அவ்விலைக்குள்ளேயே அடங்கின. திரையையும் எடையையும் விட்டுக்கொடுத்து, விலையையும் பயனையும் ஆஸ்பார்ன் பெற்றார். இங்கு ஒன்றைக் கருத வேண்டும். அந்தச் சிறு திரையை எவரும் மறைக்கவில்லை, மறைக்கவும் முடியாது. கடையில் பெட்டியைத் திறந்த கணமே, தாம் இழப்பது இன்னதென்று வாங்குவோர் கண்டுகொண்டனர். கண்டறிந்து, மனம் ஒப்பியே வாங்கினர்.

அடுத்த இரண்டு ஆண்டுகளில், ஒரே சிக்கலுக்கு வேறு வேறு விடைகள் தோன்றின. அவற்றுள் மூன்றை ஒப்பிட்டுப் பார்த்தால், ‘சிறந்த கணினி’ என்று தனியே ஒன்று இல்லை என்பது விளங்கும்.

முதலாவது, 1982-இல் அறிவிக்கப்பட்டு, 1983-இல் விற்பனைக்கு வந்த காம்பாக் நிறுவனத்தின் கணினி. இது 9 அங்குலத் திரையைத் தந்தது. எடை குறைவதற்கு மாறாக ஏறத்தாழ 13 கிலோவாக ஏறிற்று. ஆனால் ஐ.பி.எம். கணினிக்கென எழுதப்பட்ட மென்பொருள்கள் இதிலும் இயங்கின. எடையைச் சுமக்க மக்கள் அஞ்சவில்லை. முதல் ஆண்டிலேயே 53,000 கணினிகள் விற்பனையாயின. ஆஸ்பார்னின் நிறுவனமோ 1983 செப்டம்பரில் நொடித்துப் போயிற்று.

இரண்டாவது, 1982-இல் வெளிவந்த ‘கிரிட் காம்பஸ்’. பில் மாக்ரிட்ஜ் என்னும் ஆங்கிலேய வடிவமைப்பாளர், திரையைக் கீல் வைத்து விசைப்பலகையின் மேல் மடித்து மூடும் அமைப்பை இதற்கு வகுத்தார். இன்று நாம் காணும் மடிக்கணினியின் உருவம் இதுவே. எடை சுமார் 5 கிலோ. உறை மக்னீசியத்தால் ஆனது. விண்கலங்களிலும் இது பயன்பட்டது. ஆனால் விலை 8,150 டாலர்! எடையையும் உறுதியையும் பெறுவதற்கு இதனைப் படைத்தோர் விலையை விட்டுக்கொடுத்தனர். ஆதலின் அரசினரும் பெரு நிறுவனத்தாரும் அன்றி வேறெவரும் இதனை வாங்குதல் அரிதாயிற்று.

மூன்றாவது, 1983-இல் ரேடியோ ஷாக் கடைகளில் விற்கப்பட்ட ‘மாடல் 100’. ஜப்பானின் கியோசெரா நிறுவனம் இதனைச் செய்தது. திரையில் 8 வரிகளே தெரியும். வட்டு இயக்கி இல்லை, விசிறி இல்லை. ஆனால் எடை ஒன்றரை கிலோவுக்கும் குறைவு. கைவிளக்குக்கு இடுவது போன்ற சாதாரண மின்கலங்கள் நான்கைக் கொண்டு 20 மணி நேரம் வரை இயங்கும். விசைப்பலகையோ முழு அளவினது. செய்தியாளர்கள் இதனைப் பெரிதும் போற்றினர். வெளியூரில் நிகழ்ச்சியைக் கண்டு, அங்கேயே எழுதி, தொலைபேசி வழியே அலுவலகத்துக்கு அனுப்புவோர்க்கு வேண்டியது நல்ல விசைப்பலகையும் நீடித்த மின்கலமுமே அன்றோ? யாருக்காகச் செய்கிறோம் என்பதை அறிந்து செய்தமையால், இதனைப் படைத்தோர் எதை விடலாம் என்பதையும் அறிந்திருந்தனர்.

இனி, மேசைமீது வைக்கும் சிறு கணினிகளைக் காண்போம். இவற்றுக்கு எடையும் மின்கலமும் பெருங்கவலை அல்ல, வெப்பமே கவலை. செயலி உட்கொள்ளும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே மாறுகிறது. அவ்வெப்பம் வெளியேறக் காற்றோட்டம் வேண்டும். பெரிய பெட்டியில் பெரிய விசிறி மெல்லச் சுழன்றாலே போதும். சிறிய பெட்டியில் சிறிய விசிறி அதே அளவு காற்றைத் தள்ள வேண்டுமாயின் விரைந்து சுழல வேண்டும். விரைந்து சுழன்றால் இரைச்சல் எழும். எனவே, பெட்டியைச் சிறிதாக்குவோர் அமைதியையோ வேகத்தையோ இழக்க நேர்கிறது.

ஆப்பிள் நிறுவனத்தின் வரலாறு இதற்கு நல்ல சான்று. 1984-இல் வெளிவந்த மேக்கின்டாஷ் கணினியில் விசிறி இல்லை. அமைதியாக இயங்க வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் தலைவருள் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸின் உறுதி. சூடான காற்று மேலெழுந்து துளைகளின் வழியே தானே வெளியேறும் என்று நம்பினர். புதிய உறுப்புகளைச் செருகுவதற்கு உள்ளே இடமும் வைக்கவில்லை. நினைவகமாக அமைந்த 128 கிலோபைட் விரைவில் போதாததாயிற்று. அவ்வாண்டிலேயே அதனினும் நான்கு மடங்கு நினைவகம் கொண்ட கணினியை வெளியிட வேண்டியதாயிற்று. 1987-இல் வந்த மேக்கின்டாஷ் எஸ்.இ. கணினியில் விசிறியும் இடம் பெற்றது. விரிவாக்கச் செருகிடமும் இடம் பெற்றது. மூன்று ஆண்டுகளுக்கு முன் வெளியேற்றிய இரண்டும் மீண்டும் உள்ளே வந்தன!

எனினும் அந்நிறுவனத்தை அவ்வாசை விட்டபாடில்லை. 2000-ஆம் ஆண்டில், 8 அங்குலக் கனசதுரமாக, கண்ணாடி போன்ற உறைக்குள் மிதப்பது போலத் தோன்றும் கணினி ஒன்றை அது வெளியிட்டது. அதிலும் விசிறி இல்லை. கண்டோர் வியந்தனர், நியூயார்க் நவீனக் கலைக்கூடமும் அதனை ஏற்றுப் போற்றியது. ஆனால் அதன் விலை 1,799 டாலர். அதனினும் எளிதில் விரிவாக்கத்தக்க பெரிய கணினியை அந்நிறுவனமே 1,599 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தது. அழகுக்காக மட்டும் மிகுதியாகப் பொருள் தர முன்வந்தோர் சிலரே. ஓராண்டுக்குள் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. 2005-இல் வந்த ‘மேக் மினி’ அதே சிறுமையை வேறு வழியில் நாடிற்று. மடிக்கணினியின் உறுப்புகளைக் கொண்டு வேகத்தைச் சற்றே விட்டுக்கொடுத்து, 499 டாலர் விலைக்கு வந்தது, நிலைத்தும் நின்றது. கனசதுரம் கேட்ட விலையை மக்கள் தரவில்லை; மினி கேட்ட விலையைத் தந்தனர்.

2013-ஆம் ஆண்டு நிகழ்ச்சி இன்னும் ஆழ்ந்த பாடம் தருவது. திரைப்படத் தொழிலாளர், ஆராய்ச்சியாளர் போன்றோர்க்கான பெருங்கணினியை ஆப்பிள் 25 சென்டிமீட்டர் உயரமுள்ள ஓர் உருளைக்குள் அடக்கிற்று. நடுவே முக்கோண வடிவமான வெப்பக் கடத்தி. அதன் மேலே ஒரே விசிறி. மூன்று பக்கங்களிலும் வெப்பம் சமமாகப் பரவினால் அவ்வமைப்பு சாலச் சிறந்தது. ஆனால் பின்வந்த ஆண்டுகளில், வரைகலைச் செயலி ஒன்றே பெரும் ஆற்றலை உட்கொண்டு, ஒரே இடத்தில் பெரும் வெப்பத்தை உமிழும் முறை ஓங்கியது. உருளையில் அதற்கு இடமில்லை. வெப்பத்தைப் பொறுத்தவரையில் தாங்களே தங்களை ஒரு மூலையில் அடைத்துக்கொண்டதாக 2017-இல் அந்நிறுவனத்தார் ஒப்புக்கொண்டனர். 2019-இல் மீண்டும் பெரிய பெட்டியும் பல விசிறிகளும் வந்தன. இன்றைய தேவைக்கு இறுகப் பொருத்திய சட்டை, வளரும் பிள்ளைக்கு மறு ஆண்டு உதவாது. வருங்கால மாற்றத்துக்கு இடம் விடுதலும் வடிவமைப்பின் கடமையே.

மீண்டும் மடிக்கணினிக்கு வருவோம். 1989-இல் வெளிவந்த ‘மேக்கின்டாஷ் போர்ட்டபிள்’ எதையும் விட்டுக்கொடுக்க மறுத்த கணினி. தெளிவான திரை, நல்ல விசைப்பலகை, பத்து மணி நேரம் தாங்கும் காரீய அமில மின்கலம் ஆகிய அனைத்தும் அதில் இருந்தன. விளைவு, எடை 7 கிலோவைத் தாண்டியது. மடியில் வைக்க இயலாத மடிக்கணினியை எவர் விரும்புவர்? 1991-இல் அந்நிறுவனமே வெளியிட்ட ‘பவர்புக் 100’ நெகிழ்வட்டு இயக்கியை வெளியே தள்ளியது, மின்கலம் தாங்கும் நேரத்தையும் குறைத்துக்கொண்டது, எடை 2.3 கிலோவாயிற்று. விசைப்பலகையைப் பின்னே தள்ளி, முன்னே மணிக்கட்டு ஊன்ற இடம் அமைத்தது. அவ்வமைப்பையே இன்றுவரை ஏறத்தாழ எல்லா மடிக்கணினிகளும் பின்பற்றுகின்றன.

அதே 1991-ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் லித்தியம் அயனி மின்கலத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. காரீய மின்கலத்தைவிடச் சில மடங்கு ஆற்றலை அதே எடையில் தேக்கும் இம்மின்கலத்தின் ஆய்வுக்காக, விட்டிங்ஹாம், குடினஃப், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆயினும் இங்கும் ஓர் எல்லை உண்டு. 100 வாட்-மணிக்கு மேற்பட்ட மின்கலத்தை விமானத்தில் கொண்டு செல்ல விமான நிறுவனத்தின் இசைவு வேண்டும். ஆதலின் பெரிய மடிக்கணினிகளின் மின்கலங்கள் 99 வாட்-மணியைத் தொட்டு அத்துடன் நின்றுவிடுகின்றன.

இதுவரை நாம் கண்ட இழப்புகளுக்கெல்லாம் ஒரு பொதுத்தன்மை உண்டு. சிறு திரை, மிகு எடை, உயர் விலை ஆகியவை வாங்கும் நாளிலேயே கண்ணுக்குத் தெரிவன. 2008-க்குப் பின்னர் நிலைமை மாறியது. அவ்வாண்டு ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் காகித உறை ஒன்றிலிருந்து ‘மேக்புக் ஏர்’ என்னும் மடிக்கணினியை எடுத்துக் காட்டினார். எடை 1.36 கிலோ. ஆலன் கே கனவு கண்ட எடை கைகூடிற்று எனலாம். குறுந்தகடு இயக்கி இல்லை என்பதையும், யு.எஸ்.பி. செருகிடம் ஒன்றே என்பதையும் எவரும் கண்டனர். ஆனால் நினைவகம் மின்சுற்றுப் பலகையில் பற்றவைக்கப்பட்டிருந்தது. மின்கலத்தை உரியவர் தாமே எளிதில் கழற்றி மாற்ற இயலாது. இவ்விழப்புகள் கடையில் தெரிவன அல்ல. மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து, மின்கலம் சோர்ந்து, நினைவகம் போதாமற் போகும் நாளில் தெரிவன.

வெற்றி கண்ட வழியைப் பிறரும் பின்பற்றினர். மெல்லியதை இன்னும் மெல்லியதாக்கும் போட்டி எழுந்தது. 2015-இல் ஆப்பிள் 0.92 கிலோ எடையுள்ள மேக்புக்கை வெளியிட்டது. அதன் மெல்லிய உடலுக்கேற்ப, விசைகள் மிகக் குறைந்த அளவே அழுந்தும் புதிய விசைப்பலகை அமைந்தது. சிறு தூசி புகுந்தாலும் விசை சிக்கிக்கொள்ளும் குறை நாளடைவில் வெளிப்பட்டது. சில கணினிகளில் ஒரு விசை கெட்டால், மேற்பாகம் முழுவதையும் அதனோடு ஒட்டிய மின்கலத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருந்தது. 2018-இல் அந்நிறுவனம் இலவசமாகச் செப்பனிடும் திட்டத்தை அறிவித்தது. 2019 முதல் பழைய முறையிலான விசைப்பலகைக்குத் திரும்பியது. வழக்கொன்றில் தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல், 2022-இல் 5 கோடி டாலர் தந்து உடன்பாடு செய்துகொண்டது.

மறுதரப்பாரின் வாதத்தையும் கேட்டல் முறை. செருகிடமும் திருகும் கதவும் இடத்தை அடைப்பன. அவ்விடத்தில் மின்கலத்தைப் பெரிதாக வைக்கலாம். பற்றவைத்த உறுப்பு அசையாது, தளராது. நினைவகம் செயலிக்கு மிக அருகே இருந்தால் குறைந்த ஆற்றலில் விரைந்து செயலாற்றும். 2020-இல் வந்த எம்1 செயலியோடு கூடிய மேக்புக் ஏர் விசிறியே இன்றி வேகமாக இயங்கியதற்கு இவ்வண்மை அமைப்பும் ஒரு காரணம். இவ்வாதங்களை வெறும் சாக்கு என்று தள்ளிவிடுதல் இயலாது.

அவ்வாறாயின் மெல்லிய கணினி செப்பனிட இயலாததாகத்தான் இருக்க வேண்டுமா? ‘ஃபிரேம்ஒர்க்’ என்னும் அமெரிக்க நிறுவனம் 2021-இல் இவ்வினாவுக்கு விடை தந்தது. அதன் முதல் மடிக்கணினியின் எடை ஏறத்தாழ 1.3 கிலோ, 2008-ஆம் ஆண்டின் மேக்புக் ஏரைவிட மிகுதியன்று. ஆயினும் நினைவகம், மின்கலம், திரை, விசைப்பலகை ஆகிய யாவற்றையும் உரியவரே கழற்றி மாற்றலாம். அதற்குரிய திருப்புளியும் பெட்டியிலேயே இருந்தது. பசையும் பற்றும் எல்லா இடங்களிலும் இயற்கையின் கட்டளை அல்ல, சில இடங்களில் வணிகரின் தேர்வே என்பது இதனால் புலனாயிற்று.

ஆனால் வரலாறு இத்துடன் முடியவில்லை. அதே நிறுவனம் 2025-இல் 4.5 லிட்டர் கொள்ளளவுள்ள சிறு மேசைக்கணினி ஒன்றை அறிவித்தபோது, அதன் நினைவகம் பலகையில் பற்றவைக்கப்பட்டிருந்தது! செப்பனிடும் உரிமைக்குக் கொடி பிடித்தவர்களே இவ்வாறு செய்யலாமா என்னும் வினா எழுந்தது. அந்நிறுவனத்தார் காரணத்தை வெளிப்படையாகக் கூறினர். அதிலுள்ள ஏ.எம்.டி. செயலி நினைவகத்தோடு மிக அகன்ற பாதையில் மிக விரைந்து உரையாடுவது; இடையே செருகிடம் வைத்தால் சைகைகள் சிதைகின்றன; செயலியைச் செய்தோரோடு கூடி முயன்றும் மாற்று வழி கிடைக்கவில்லை என்றனர். பலகை, மின்வழங்கி, விசிறி முதலிய பிறவற்றைக் கடைகளில் கிடைக்கும் பொது அளவுகளுக்கு ஏற்பவே அமைத்தனர். இங்கும் ஓர் இழப்பு உண்டு. ஆனால் அவ்விழப்பு முன்கூட்டியே சொல்லப்பட்டது.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அரசுகளும் உணரத் தொடங்கியுள்ளன. பிரான்சு நாட்டில் 2021 முதல், மடிக்கணினி உள்ளிட்ட சில பொருள்களை விற்போர், அவற்றைச் செப்பனிடுதல் எவ்வளவு எளிது என்பதைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டுக் காட்ட வேண்டும் எனச் சட்டம் வந்தது. கையடக்கச் சாதனங்களின் மின்கலங்களை 2027 பிப்ரவரி முதல் பயன்படுத்துவோரே கழற்றத்தக்கவையாக அமைக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் விதி செய்தது. மறைந்திருக்கும் விலையைக் கடைவாசலிலேயே எழுதிக் காட்டச் செய்வதே இச்சட்டங்களின் உட்கருத்து.

விட்டுக்கொடுத்தல் குற்றம் அன்று. விட்டுக்கொடுக்காமல் எப்பொருளும் உருவாவதில்லை. ஆஸ்பார்ன் திரையை விட்டார். மாடல் 100-ஐப் படைத்தோர் வட்டினை விட்டனர். அவர்களைக் குறை கூறுவார் இலர். வாங்குவோர் அறிந்து தரும் விலை நேர்மையான விலை. அவர் அறியாமல் பின்னாளில் அவர் தலையில் விழும் விலை நேர்மையற்ற விலை. மாணவர்களாகிய நீங்கள் நாளை பொறியாளராகலாம், வணிகராகலாம், சட்டம் இயற்றுவோராகவும் ஆகலாம். பொருள் ஒன்றின் பெருமைகளை எவரேனும் அடுக்கிக் கூறும்போது, இவற்றைப் பெறுவதற்கு எதை இழந்தீர்கள் என்று கேட்கப் பழகுங்கள். நீங்களே ஒன்றைப் படைக்கும் நாளில், பிறர் கேட்பதற்கு முன்னரே அவ்விடையை எழுதி வையுங்கள்.